விலக்கு மனு

ஜூன் 12

காலை எட்டரைக்கு அடிவாரத்துக் காவல் நிலையத்திலிருந்து போன். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"குருநாதன் சார் வீடுங்களா? எலெக்சன் முடிஞ்சிருச்சு. டெபாசிட் பண்ணுன துப்பாக்கிய வந்து வாங்கிக்கிரச் சொல்லுங்க."

"அவர் இல்லை" என்றேன்.

"எப்ப வருவாரு?"

ஏப்ரல் ஒன்பதாம் தேதி இறந்துவிட்டார் என்றேன். அந்தப் பையன் பணிக்குப் புதிதுபோல. தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "லிஸ்ட்ல அப்பிடி ஒண்ணும் போடலையேம்மா" என்றான். லிஸ்ட் மார்ச்சில் போட்டது. அதில் அவர் உயிரோடுதான் இருப்பார்.

இந்த மலையில் பன்றிக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் பதினாறு பேர். தேர்தல் அறிவித்ததும் எல்லோரும் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு திருப்பித் தருவார்கள். எங்களுடையது ஒற்றைக்குழல், மாமனார் காலத்தது. உரிமக்காரர் இல்லாததால் யாரிடமும் தர முடியாதாம். வாரிசு மனுப் போட்டால் பார்க்கலாமாம்.

இரண்டாம் பீரியடுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

ஜூன் 13

எட்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். முழுக்கள் பாடம் ஆரம்பித்தேன். மழை இல்லை.

ஜூன் 16

கொழுந்தன் சௌந்தரபாண்டி வந்தார். கீழ்த் தோட்டம் அவருடையது. இப்போது எங்கள் காப்பியையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"அண்ணன் கையில அன்னைக்கு அது மட்டும் இருந்திருந்தா, ஒரு வெடிச் சத்தத்துக்குக் காட்டுமாடு திரும்பிப் போயிருக்கும் மதினி. கவர்மெண்டுக்காரன் புடுங்கி வச்சுக்கிட்டான். ஓட்டுப் போடுறவன் பத்திரமா இருக்கணும், ஓடைக்குத் தண்ணி பாக்கப் போறவன் சாகலாம். இதான் சட்டம்."

இதை இவர் சொல்வது முப்பத்தொன்றாம் தடவை. நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன், கணக்கு டீச்சர் புத்தி. துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நான் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினேன்.

துப்பாக்கியை என்ன செய்யலாம் என்றார். என் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்களா?"

அவர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. எப்போதோ ஒருமுறை அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்ததற்காக அண்ணனும் தம்பியும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு மறந்திருக்காது. பன்றி சேனையைத் தோண்டிப்போட்டதைக் காட்டினேன். சமாதானமாகிப் போனார்.

ஜூன் 19

தற்செயல் விடுப்பு. திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ்.

மனுவில் பத்தொன்பது கட்டங்கள். அவற்றில் ஒன்று, 'துப்பாக்கி எதற்காகத் தேவைப்படுகிறது?' பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதினேன். படிவத்தின் அச்சடித்த தலைப்பில் ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனா கைவசம் இருந்தும் திருத்தவில்லை.

பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் மனை விற்கும் ஒருவர். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். கைத்துப்பாக்கிக்கு மூன்று வருடமாக அலைகிறாராம். "இடுப்புல வச்சிருக்கோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும் மேடம், எடுக்கவே வேண்டாம். எவனும் கிட்ட வரமாட்டான்."

வலப்பக்கம் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, பேங்கில் காவலுக்கு நிற்பவர். லைசென்ஸ் புதுப்பிக்க வந்திருந்தார். "தெரியுற மாதிரி வச்சா புடுங்க வருவான், தெரியாத மாதிரி வச்சா நமக்கே கை அரிக்கும். இருபத்தாறு வருசம் தூக்கிட்டேன். வீட்டுக்குள்ள கொண்டுபோறப்பதான் பயமா இருக்கு."

"அப்ப எதுக்குங்க ரினீவல்?"

"லைசென்ஸ் இல்லாட்டி வேலை இல்ல."

நேர்மையானவனிடம் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று வெள்ளைச் சட்டை கேட்க, நேர்மையானவனுக்கும் கோபம் வரும் என்று பட்டாளத்துக்காரர் சொல்ல, நம்பர் கூப்பிடும்வரை இருவரும் என்னைத் தாண்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒருமுறை, "நீங்க சொல்லுங்க மேடம்" என்றார் வெள்ளைச் சட்டை. எனக்குப் பன்றி மட்டும்தான் என்றேன்.

ஜூன் 20

கைப்பையை மாற்றினேன். பழையது பீரோ மேல். உள் ஜிப்பைத் திறக்கவில்லை.

ஜூன் 27

உடலும் மனமும் நலமாக இருப்பதாக டாக்டர் சான்று வேண்டும். சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே கூட்டம் முற்றத்தைத் தாண்டி நின்றது.

"தூக்கம் வருதா?"

"வருது."

"பசி?"

"எடுக்குது."

"மனசு எப்படி இருக்கு?"

"இருக்கு."

அவர் சிரித்தார். ஜோக் என்று நினைத்திருப்பார். முத்திரை குத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மொத்தம் இரண்டு நிமிடம்.

மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. ஆனால் அதுவரைக்கும் தூக்கம்தானே. நான் பொய் சொல்லவில்லை.

ஜூலை 7

மகள் திவ்யபாரதி நேற்று வந்து இன்று மதியம் கோயம்புத்தூர் விடுதிக்குத் திரும்பினாள். ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 26 சேர வேண்டும்.

இன்னொரு வாரிசு அவள் என்பதால், அம்மா பெயருக்குத் துப்பாக்கியை மாற்ற ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். தாளை நீட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"உனக்கு எதுக்கும்மா இது? அப்பா அதத் தொடைக்கிறப்பகூட நீ அந்த ரூமுக்கு வரமாட்ட."

"பன்றி."

"சித்தப்பாட்ட இருக்குல்ல. அவர் வந்து வெடி போடட்டும்."

"எத்தனை நாளைக்கு அவரையே தொந்தரவு பண்றது?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டாள். பாரதி என்பதில் கடைசி எழுத்து மட்டும் வாலை நீட்டிக்கொண்டு போகும், ஒன்றாம் வகுப்பிலிருந்தே. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். இப்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சமையலறை டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு. வத்தக்குழம்புப் பொடிக்கு அளவையும் சேர்த்து எழுதினேன்.

ஜூலை 9

சேமநல நிதியில் வாரிசு பெயரை மாற்றிக் கொடுத்தாயிற்று. வீட்டுப் பத்திரம், பாரதியின் சான்றிதழ்கள், சாவிகள் எல்லாம் ஒரே பையில்.

மே 30-இல் மாட்டிய சிலிண்டர். ஒருத்திக்கு மூன்று மாதம் வரும். ஆகஸ்ட் 26-ஆம் தேதி அவளை விட்டுவிட்டு வந்தால் 28-க்கு மேல் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அடுத்தது புக் செய்ய வேண்டியதில்லை.

ஜூலை 11

வனக்காவலர் வந்தார், தடையின்மைச் சான்றுக்காக. பன்றி தோண்டிய இடங்களைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஓடைப் பக்கம் நான் போகவில்லை. அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ஒங்க துப்பாக்கிக்குக் காட்டுமாடு அசையாது. ஆயிரம் கிலோ. சத்தத்துக்குத் திரும்புனாலும் திரும்பும், இல்ல வெறி புடிச்சு மேல வந்தாலும் வரும். கம்பு வச்சிருந்தாலும் துப்பாக்கி வச்சிருந்தாலும், பத்தடி கிட்டத்துல போயிட்டா ஒண்ணுதான்."

காப்பி கொடுத்தேன். சௌந்தரபாண்டியின் முப்பத்தொன்றுக்கு எதிர்ப்பக்கம் இவருடைய ஒன்று.

ஜூலை 15

காவல் நிலைய விசாரணை. வந்தவர் தலைமைக் காவலர் ஜான்சிராணி. எல்லோரும் ஏட்டம்மா என்கிறார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேடேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

வீட்டில் யார் யார் என்று கேட்டார், மகள் ஓசூர் போகிறாள் என்றேன். துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். பீரோவைக் காட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவர் டப்பாக்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நல்ல கையெழுத்து. யாருக்கு எழுதி வச்சிருக்கீங்க?"

"மகளுக்கு."

"மகதான் ஓசூர் போகுதே. இங்க யாரு சமைக்கப் போறா?"

லீவுக்கு வந்தால் உதவும் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. போகும்போது, "எதுக்கு டீச்சர் துப்பாக்கி?" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. பயிர்ப் பாதுகாப்பு என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

ஜூலை 16

ஒன்றும் இல்லை.

ஜூலை 22

ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். ஃபைல் ஏட்டம்மா மேஜையில் இருக்கிறதாம்.

ஜூலை 26

இன்னும் மேஜையில்தான்.

ஜூலை 30

அதே. தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வெறுங்கையோட போனா எப்பிடி நகரும்?" என்றார். இருபத்திரண்டு வருடப் பணியில் நான் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. இப்போது அதைப் பற்றி என்ன.

ஆகஸ்ட் 1

இரண்டு கிலோ மிளகு, ஒரு கிலோ காப்பித்தூள், எங்கள் தோட்டத்தது. மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் இறங்கினேன்.

ஏட்டம்மா பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்னு நெனச்சீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஏதோ ஒன்று மனதில் பட்டது.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "எதுக்கு வேணும்னு ஒங்க கைப்பட எழுதிக் குடுங்க."

பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நான்காக மடித்துக் குப்பையில் போட்டார்.

"இது ஃபாரத்துலயே இருக்கு. நெசத்த எழுதிட்டு வாங்க. எனக்கு அவசரமில்ல."

எனக்கு அவசரம் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. ஒரு மனுவை இப்படி நிறுத்திவைக்க அவருக்கு என்ன அதிகாரம் என்று வழியெல்லாம் ஆத்திரம். கலெக்டருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் மிளகுப் பை மடியிலேயே கனத்துக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் 4

ஞாயிறு. துணி துவைத்தேன். ஒட்டடை அடித்தேன். ஒட்டடைக் கம்பு பட்டுப் பீரோ மேலிருந்த பழைய கைப்பை கீழே விழுந்தது. இதற்கு மேல் எழுதாமல் இருந்து என்ன.

தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. மார்ச் 24, திண்டுக்கல்லில். அதற்கு முந்தின நாள் என் கணவர் ஒரு மனு எழுதினார். பன்றியும் காட்டுமாடும் நடமாடும் இடம், ஆகவே துப்பாக்கியை ஒப்படைப்பதிலிருந்து விலக்கு வேண்டும் என்று. அப்படிக் கேட்டால் கமிட்டி பார்த்துச் சிலருக்குக் கொடுப்பார்கள். "நீதான் அந்தப் பக்கம் போறியே, கலெக்டர் ஆபீஸ்ல குடுத்து சீல் வாங்கிட்டு வா" என்றார்.

பயிற்சி முடிந்தபோது மணி நாலு. கலெக்டர் ஆபீஸ் கண்ணுக்கு எதிரே இருந்தது. நான் பஸ் ஏறினேன்.

மறந்துவிடவில்லை. மறந்தேன் என்று எழுதத்தான் கை போகிறது. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. போன தீபாவளிக்கு முன்னால், பாரதியை வெளியூர் வேலைக்கு அனுப்புவதா என்று எங்களுக்குள் சண்டை. நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் எழுந்துபோய்த் துப்பாக்கியை எடுத்து வந்து மேஜையில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை, குறி வைக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா துடைத்தார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் நல்ல மனிதர். கையை ஓங்கினதில்லை. ஆனால் அன்றைக்கு வாயை மூடினது நான்தான்.

மூன்று மாதம் அது வீட்டில் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "சீல்?" என்றார். சீல் எல்லாம் போடவில்லை என்றேன். பதில் வரவில்லையே என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்ததும் அவரே ஜீப்பில் கொண்டுபோய் ஒப்படைத்தார். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

ஏப்ரல் 9 காலை ஆறரைக்கு ஓடை மோட்டாரைப் பார்க்கப் போனார். கையில் கம்பு.

பத்து நாளில் வாக்குப்பதிவு. தேர்தல் பணியிலிருந்து எனக்கு விலக்குக் கேட்டுத் தலைமையாசிரியர் மனுப் போட்டார். அது ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

உள் ஜிப்பைத் திறந்தேன். மனு அப்படியே இருக்கிறது. ஓரம்கூட மடங்கவில்லை.

ஆகஸ்ட் 5

பள்ளி. ஒருபடிச் சமன்பாடு. எட்டு பேருக்கு மட்டும் சரி.

ஆகஸ்ட் 10

இரண்டாம் சனி. காலை பஸ்.

ஏட்டம்மா எதிரே உட்கார்ந்து மனுவை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் எதுவும் எழுதவில்லை. இதைக் கொடுக்காமல் வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தேதியைப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தேதியும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டீச்சர், நான் இந்த ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்தவ. பாரா நிக்கிற போலீஸுக்குத் துப்பாக்கி எடுத்துக் குடுக்குறது ரைட்டர் வேல. நோட்டுல கையெழுத்து வாங்குறதுக்கு முந்தி மூஞ்சியப் பாப்போம். லீவு கெடைக்காதவன், வீட்ல சண்டை போட்டு வந்தவன், ரொம்ப அமைதியா வந்து நிக்கிறவன். இவங்களுக்கு அன்னைக்குத் துப்பாக்கி கெடையாது, போன் எடுக்கிற டூட்டிதான். ரூல்ல அப்பிடி ஒண்ணும் கெடையாது. ஒரு தடவ பாக்காமக் குடுத்துட்டேன். அதுல இருந்துதான் பாக்குறேன்."

மனுவை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"ஒங்க வீட்டுச் சமையக்கட்டுல டப்பாவப் பாத்தேன். பெறகு ஒங்க மூஞ்சியப் பாத்தேன். என்னைக்குன்னு வச்சிருக்கீங்க?"

யாரும் கேட்காத கேள்வி. பத்தொன்பது கட்டங்களிலும் அது இல்லை.

"இருபத்தெட்டு" என்றேன்.

அவர் அதிரவில்லை. ஒரு விலாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்போலத் தலையை ஆட்டினார். நான் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒன்று கேட்கணும். இதை அன்றைக்கு நான் கொடுத்திருந்தால், அவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால்?"

"தெரியாது டீச்சர். பொழச்சிருப்பாருன்னு சொல்றவனுக்கும் தெரியாது, செத்திருப்பாருன்னு சொல்றவனுக்கும் தெரியாது. தெரியும்னு எவன் சொன்னாலும் பொய்யி. ஒங்களுக்கும் தெரியாது."

கேட்க ஆறுதலாக இல்லை. ஆனால் ஏப்ரலிலிருந்து என்னிடம் பேசியவர்களில் இவர் ஒருவர்தான் நான் தலையாட்டத் தேவையில்லாத ஒன்றைச் சொன்னார்.

"மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

சொல்ல வேண்டாம், வேலையில் சேரப்போகிற பிள்ளை என்றேன். அவர் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்துக் காத்திருந்தார். வெளியே யாரோ சைக்கிள் திருட்டு என்று புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நான்தான் எண்ணைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11

விடிகாலை பஸ்ஸில் பாரதி வந்தாள். படி ஏறும்போதே திட்ட ஆரம்பித்தாள். என்னை இதுவரை அவள் சொன்னதில்லாத வார்த்தைகள் எல்லாம் சொன்னாள். நான் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மனுவை அவளிடம் கொடுத்தேன். மார்ச் மாதத்தையும் சொன்னேன். என்னை வெறுப்பாள் என்றுதான் நினைத்தேன். அதற்காகத்தான் இத்தனை நாளும் அந்த ஜிப்.

அவள் அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவினாள். அப்பாவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டேன்மா" என்றாள். "ஆட்சேபணை இல்லன்னு நாந்தான கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, இருந்தும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போட்டேன். நீ செத்திருந்தா நான் அத வச்சுக்கிட்டு என்ன பண்ணிருப்பேன்?"

நான் எல்லாவற்றையும் அவளுக்கு எடுத்து வைத்திருந்தேன். பத்திரம், சாவி, வத்தக்குழம்புப் பொடி அளவு. என் பையின் உள் ஜிப்பில் இருப்பதைப் போல ஒரு தாளையும் அவளுக்கு வைத்துவிட்டுப் போக இருந்தேன். இருபத்திரண்டு வயதில் அதை வாங்கிக்கொண்டு ஆயுசு முழுக்கச் சுமந்திருப்பாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு டீச்சர்.

அப்போதுதான் அழுகை வந்தது. ஏப்ரலில் வராதது. நன்றாக அழுதேன், மூக்கு ஒழுகும்படி. அவள் எழுந்துபோய்ச் சீரகம் என்று எழுதிய டப்பாவிலிருந்து எடுத்துச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 13

அதே டாக்டர். பாரதி என்னோடு உள்ளே வந்தாள். இம்முறை நாற்பது நிமிடம். வெளியே கூட்டம் சத்தம் போட்டது. அவர் தன்னுடைய பழைய சான்றின் நகலை என்னிடம் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாத்திரை எழுதினார். திண்டுக்கல்லில் மனநல டாக்டருக்குச் சீட்டுக் கொடுத்தார், வாரம் ஒருமுறை.

ஆகஸ்ட் 16

மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கியை அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்றும். ஏட்டம்மா ஃபைலைக் கட்டி வைத்தார். என் கணவரின் விலக்கு மனுவையும் அதோடு சேர்க்க நீட்டினேன், அதை மட்டும் திருப்பித் தந்தார். "இது எந்த ஃபைல்லயும் சேராது. வீட்ல வச்சுக்கங்க, மறைக்காம வைங்க."

சௌந்தரபாண்டிக்குக் கோபம். "பன்றி வந்தா என்ன செய்வீங்க மதினி? நாளைக்கு வேற ஏதாச்சும் வந்தா? அண்ணன் கதி தெரிஞ்சுமா?" முப்பத்திரண்டு. அவர் சொல்வதிலும் இருக்கிறது. தனியாக இருக்கும் வீடு, சுற்றிலும் காடு. அவருக்கு மார்ச் மாதத்தைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு முடியவில்லை. பாரதி ஊருக்குப் போன பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்ட் 20

மாத்திரையில் வாய் உலர்கிறது. நாலு மணி வரை தூக்கம்.

ஆகஸ்ட் 26

ஓசூர். விடுதி அறை மூன்றாம் மாடி. கட்டில் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். தினமும் இரண்டு தடவை போன் செய்வேன், நீ எடுக்காவிட்டால் ஏட்டம்மாவுக்குப் போன் போகும் என்று மிரட்டி அனுப்பினாள். என்னைப் போலவே விரலை நீட்டித்தான் மிரட்டுகிறாள்.

ஆகஸ்ட் 28

பள்ளி உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பஸ் நிறுத்தத்தில் ஏட்டம்மா நின்றுகொண்டிருந்தார், சேலையில். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம். என்ன வேலை என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். இருட்டும் நேரத்தில் சேனைப் பாத்தியில் பன்றி வந்தது. பழைய தகரத்தை எடுத்துத் தட்டினேன். அவர் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு வந்து கூடவே தட்டினார். கீழ்த் தோட்டத்திலிருந்து சௌந்தரபாண்டி ஒரு வெடி போட்டார். பன்றி எதற்குப் பயந்து போனதோ தெரியாது. கடைசி பஸ்ஸில் ஏட்டம்மாவை ஏற்றிவிட்டு வந்தேன்.

பாரதி மூன்று தடவை போன் செய்தாள்.

ஆகஸ்ட் 30

பருப்பு பாதி வேகும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சரியாக மூன்று மாதம். அன்றைக்குப் போட்ட கணக்கில் பிசகில்லை, இரண்டு நாள் மீதிகூட இருந்திருக்கிறது. புக் செய்தேன். மலைக்கு வண்டி புதன்கிழமைதான் வருமாம். பின்கட்டில் விறகடுப்பை மூட்டினேன். விறகு ஈரம், கண் எரிந்தது. பருப்பு வேக ஒரு மணி நேரம் ஆயிற்று.